தெள்ளாற்றில் வென்றது யார்?

வந்தவாசிக்குத் தெற்கே, திண்டிவனம் போகும் வழியில் இருக்கிறது தெள்ளார். ஆரணிப் பட்டுக்கும் வந்தவாசிக் கோரைப்பாய்க்கும் பேர்போன வட்டாரம். வரலாறு படித்தவர்களுக்கோ தெள்ளார் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு போர். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கே பாண்டியப் படையை முறியடித்தான். அந்த வெற்றி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கல்வெட்டுகளில் அவன் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’. யானைக்குக் கவளம் உருட்டியவன், வேலுக்குக் காம்பு சீவியவன், களத்தில் விழுந்து ஊர் திரும்பாதவன் எவனுக்கும் பெயர் இல்லை. அவ்வளவு ஏன், அந்த வெற்றியைப் பாடிப் புகழும் நந்திக் கலம்பகத்தின் ஆசிரியர் யார் என்பதே தெரியவில்லை. அரசனின் தம்பிதான் பாடினான் என்று ஒரு கதை மட்டும் உலவுகிறது.

சில கிலோமீட்டர் தள்ளி, வந்தவாசியில் இன்னொரு போர். 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். வெற்றி அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதியின் கணக்கில் ஏறியது. தோல்வி லாலி என்ற பிரெஞ்சுத் தளபதியின் தலையில் விழுந்தது. பேச்சுக்குச் சொல்வதல்ல, 1766-ல் பாரிசில் அந்தத் தலையையே வெட்டினார்கள். போதிய பணம் வராதது, துணைக்கு வந்த கப்பற்படை பாதியில் கிளம்பிப் போனது, புதுச்சேரி அதிகாரிகள் ஒத்துழைக்காதது என அத்தனை பேருடைய தவறும் அந்த ஒற்றைக் கழுத்தோடு தீர்ந்ததாகக் கணக்கு முடிக்கப்பட்டது. எழுத்தாளர் வால்தேர் விடாமல் வாதாடியதில் 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. தலை போய்ப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

பலர் சேர்ந்து செய்த காரியத்தின் பலனை ஒருவர் பெயரில் எழுதுவது நியாயமா? தத்துவ நூல்களில் இது மிகப் பழைய கேள்வி. இதே வட்டாரத்தில் ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் அது பள்ளிக்கூட மேடையில் ஏறி நிற்கிறது. யாரும் அதைக் கேள்வியாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் தனியார் பள்ளிகளுக்கே உரிய கொண்டாட்டமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அரசே நிதி ஒதுக்கி அரசுப் பள்ளிகளிலும் நடத்தச் சொல்லியிருக்கிறது. ஷாமியானா, மைக் செட், குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து. ஊராட்சித் தலைவரும் வட்டாரக் கல்வி அலுவலரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் வரிசையாக நாற்காலியில். பொன்னாடை போர்த்தி முடிக்கவே அரை மணி நேரம். தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிக்கிறார்: தேர்ச்சி விழுக்காடு, கலைத் திருவிழாவில் வாங்கிய பரிசு, வட்டார விளையாட்டில் கிடைத்த கேடயம். பிறகு பெயர்களை அழைக்கிறார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பெண் படியேறி வந்து எவர்சில்வர் தட்டையோ டிபன் பாக்ஸையோ வாங்கிக்கொள்கிறாள். கைத்தட்டல். ஒரு போட்டோ. அடுத்த பெயர்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண் படித்தாள், எழுதினாள், வாங்கினாள். அப்படியிருந்தும் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், அந்த மதிப்பெண் அவளுடையது என்று முழுதாக ஒப்புக்கொள்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். “எல்லாம் சாமி புண்ணியம்” என்பார் பாட்டி. பரீட்சைக்கு முன்னால் பேனாவைக் கோயிலில் வைத்து எடுத்தது அவருக்குத்தானே தெரியும். கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்து மலைமேல் இருக்கும் ஹயக்ரீவர் சன்னதியில் தேர்வுக் காலத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் பாட்டியைத் தனியாகப் பரிகசிக்க மாட்டார்கள். கணக்கு ஆசிரியர், தான் சாயங்காலத்தில் வைத்த தனி வகுப்பை நினைத்துக்கொள்வார். “அப்பாவோட மூளை” என்பார் அத்தை. அம்மா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார். இந்தக் கண்ணேறு கழிப்பைச் சும்மா மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். புகழ் தனி ஆளால் தாங்க முடியாத சுமை, அதை உடனே கொஞ்சம் இறக்கி வைத்துவிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் பிள்ளையைப் புகழ்ந்த வாய் உடனே ‘மாஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொல்வதும் இந்த வகைதான். புகழைத் தருகிற அதே மூச்சில் அதை உரியவனிடம் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

தோல்வியில் மட்டும் இந்தத் தாராளம் காணாமல் போகிறது. தேர்ச்சி பெற்றால் சாமி, சார், அப்பா, அத்தை எல்லோருக்கும் பங்கு. தவறினால் “இவன் ஒழுங்கா படிக்கல.” லாலியின் கதைதான். வெற்றிக்கு ஆயிரம் பங்காளிகளைத் தேடும் ஊர், தோல்விக்கு ஒரே ஒரு கழுத்தைத் தேடுகிறது.

திருக்குறளைப் புரட்டினால் விடை கிடைக்கும் என்று ஆண்டு விழாப் பேச்சாளர்கள் நம்புகிறார்கள். 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையிலிருந்து ஒன்றைச் சொல்லி, தெய்வத்தால் முடியாததும் முயற்சியால் முடியும் என்று முடிப்பது வழக்கம். திருக்குறளின் ஒரு பக்கத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அதே வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழைப் பற்றிப் பத்துக் குறள் எழுதியிருக்கிறார். எத்தனை நுட்பமான நூல் படித்தாலும் கடைசியில் மேலோங்குவது ஒருவருக்கு அமைந்த அறிவுதான் என்ற கசப்பான கருத்தும் அங்கே இருக்கிறது. ஊழைவிட வலியது வேறில்லை என்கிறது 38-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள். சோராமல் உழைப்பவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறது 62-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள். உரையாசிரியர்கள் இரண்டையும் இசைய வைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். இசைய வைக்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஒன்று நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்வது, மற்றது இனி நடக்க வேண்டியதைப் பார்த்துச் சொல்வது. ரிசல்ட் வந்த மறுநாளுக்கு ஊழ், அடுத்த ஜூன் மாதத்துக்கு ஆள்வினை.

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதையே கணக்குப் பிள்ளையின் சுத்தத்தோடு பிரிக்கிறது. எந்தக் காரியம் நடக்கவும் ஐந்து காரணங்கள் வேண்டும்: காரியம் நிகழும் இடமாகிய உடல், செய்கிறவன், அவன் கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஐந்தில் ஒன்றாகிய தன்னை மட்டும் பார்த்து ‘நானே செய்தேன்’ என்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்கிறது அந்தப் பகுதி. கவனிக்க வேண்டியது, செய்கிறவனை அது பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு அவனுக்கு உண்டு.

இந்தக் கேள்விக்கு மிகக் கூர்மையான விடை தெள்ளாருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வந்தவாசி வட்டாரம் தமிழ்ச் சமணர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் மண். பொன்னூர் மலையில் ஏலாசாரியர் என்று போற்றப்படும் குந்தகுந்த முனிவரின் திருவடிகளை இன்றும் வழிபடுகிறார்கள். திருக்குறளை இயற்றியவரும் அவரே என்பது தமிழ்ச் சமணரின் மரபான நம்பிக்கை. மற்றவர்கள் அதை ஏற்பதில்லை, அது தனி வழக்கு.

சமணத்தில் மதிப்பெண் போடும் கடவுள் இல்லை. ஒவ்வோர் உயிருக்கும் எல்லையற்ற அறிவு இயல்பாகவே உண்டு. அந்த அறிவை வினை என்ற நுண்பொருள் படிந்து மறைக்கிறது. எட்டு வகை வினைகளில் அறிவை மறைப்பதற்கு ஞானாவரணீயம் என்று பெயர். இதன்படி பார்த்தால் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைக்குள்ளும் முப்பத்தைந்தில் தடுமாறும் பிள்ளைக்குள்ளும் இருப்பது ஒரே அறிவு. மூடியின் கனம்தான் வேறு. ஒரு வகுப்பறையைப் பார்த்து இதைவிடப் பெரிய சமத்துவ வாக்கியத்தைச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது இன்னும் நுட்பம். எட்டில் கடைசி வினையான அந்தராயம், தடை செய்வது. அதன் ஐந்து பிரிவுகளில் ஒன்று வீரியாந்தராயம். அது முயற்சி செய்யும் ஆற்றலையே தடுக்கும். அதாவது ‘அவன் முயலவில்லை’ என்பதோடு சமணர் விசாரணையை முடிப்பதில்லை. ஏன் முயல முடியவில்லை என்று அடுத்த கேள்வியையும் கேட்கிறார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார். பிறவித் திறமை எவரும் உழைத்துச் சம்பாதித்ததல்ல என்பதோடு அவர் நிற்கவில்லை. உழைக்க வேண்டும் என்ற மனமே நல்ல குடும்பமும் சூழலும் வாய்ப்பதைப் பொறுத்தது என்றார். ரால்ஸ் வீட்டுச் சூழலைக் காட்டுகிறார், சமணர் முன்வினையைக் காட்டுகிறார். முயற்சியும் முழுக்க நம் கையில் இல்லை என்பதில் இருவரும் ஒன்று.

ஞானாவரணீயம் எதனால் சேர்கிறது என்றும் சமணம் பட்டியல் வைத்திருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் சொல்லும் காரணங்களில் சில: அறிவைக் கண்டு வெறுப்பது, தெரிந்ததைத் தெரியாது என்று மறைப்பது, பொறாமையால் சொல்லிக்கொடுக்க மறுப்பது, பிறர் கற்பதற்கு இடையூறு செய்வது. பரீட்சைக்கு முந்தின நாள் நோட்டை ஒளித்து வைத்த யாருக்கும் இந்தப் பட்டியல் சங்கடம் தரும். இதோடு, ஞானத்தைப் பெறுகிறவன் கடைப்பிடிக்க வேண்டிய எட்டு ஒழுக்கங்களில் அநிஹ்நவம் என்று ஒன்று உண்டு. யாரிடம் கற்றோமோ அவர் பெயரை மறைக்காமல் இருப்பது. பணிவாக இரு என்று சமணர் பொதுவாக உபதேசித்து விட்டுவிடவில்லை. ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் விட்டால் உன் அறிவே மங்கும் என்கிறார்கள். இது வெறும் நன்றி பற்றிய விஷயம் அல்ல, நாணயம் பற்றிய விஷயம்.

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் ஒரு வலுவான எதிர்வாதம் எழுகிறது. அதைத் தாண்டிப் போவது யோக்கியமாகாது.

வினை, ஊழ், தலையெழுத்து ஆகிய சொற்களால் இந்த மண்ணில் பள்ளிக்கூட வாசலையே அடைத்தும் இருக்கிறார்கள். படிப்பு வராத பிள்ளை போன பிறவியில் ஏதோ செய்தவன் என்று சொல்வதற்கும், இன்ன சாதியில் பிறந்தது உன் வினை என்று சொல்வதற்கும் அதிக தூரம் இல்லை. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஆரணி போன்ற நெசவு ஊரில் அந்தத் திட்டத்துக்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. தார் சுற்றும் வயதில் இருக்கும் பிள்ளை மத்தியானத்தோடு தறிக்குத் திரும்பியிருக்கும்.

அந்த வீட்டிலிருந்து முதல்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் போய், ‘இது உன் சாதனை அல்ல, ஐந்து காரணங்களில் நீயும் ஒன்று’ என்று கீதைப் பாடம் எடுப்பது அறிவீனம். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவள் குடும்பத்துக்குப் பல தலைமுறையாக ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. அதைக் கையில் கொடுத்த மறுநிமிடமே பகிர்ந்துகொள்ளச் சொல்வது என்ன நியாயம்? பணிவு பெரும்பாலும் ஏற்கெனவே குனிந்து நிற்பவர்களிடம்தான் கேட்கப்படுகிறது. மேலே இருப்பவர்கள் தங்கள் வெற்றியைத் ‘தகுதி’ என்பார்கள், கீழே இருப்பவரின் வெற்றியைச் ‘சலுகை’ என்பார்கள்.

2017-ஆம் ஆண்டு இந்தச் சிக்கலின் இரண்டு முனைகளையும் தமிழ்நாட்டுக்குக் காட்டியது. அந்த மே மாதம் பள்ளிக்கல்வித் துறை பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அதுவரை தேர்வு முடிவு நாளில் தொலைக்காட்சி வண்டிகள் ஒரு வீட்டு வாசலில் நிற்கும், ஒரு பிள்ளையின் வாயில் நாலு பக்கமிருந்தும் லட்டு திணிக்கப்படும், மறுநாள் தனியார் பள்ளிகளின் ஃபிளெக்ஸ் பேனர் சாலையை மறைக்கும். மாணவர்களின் மன அழுத்தம் கருதி அது நின்றது. அதே ஆண்டு அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா 1200-க்கு 1176 எடுத்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வுக்கு மாறியது. ஓர் அளவுகோலில் உச்சியில் இருந்தவர் இன்னோர் அளவுகோலில் இடமே இல்லாதவர் ஆனார். செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். தகுதி என்பது ஆளுக்குள் இருக்கும் பொருள் என்றால் சில மாதங்களில் அது எங்கே போயிற்று?

நீதிபதி கலையரசன் குழு இந்தக் கேள்வியை அரசாங்க மொழியில் ஆராய்ந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 2020 அக்டோபரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மதிப்பெண்ணுக்குப் பின்னால் பயிற்சி மையமும் வீட்டு வருமானமும் இருக்கின்றன என்பதை ஒரு சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். 1958-ல் மைக்கேல் யங் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர், தகுதி ஒன்றையே அளவாகக் கொண்ட சமூகம் எப்படியிருக்கும் என்று கேலியாக ஒரு நூல் எழுதினார். அங்கே வென்றவர்களின் கர்வத்துக்குக் கணக்கில்லை, தோற்றவர்களுக்கு ஆறுதலே இல்லை. கேலி புரியாமல் அரசியல்வாதிகள் அதையே இலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள் என்று 2001-ல் அவரே சலித்துக்கொண்டார்.

ஆகவே இந்தப் பழைய தத்துவங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. யாரை நோக்கிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இது நான் மட்டும் செய்ததல்ல’ என்று வென்றவர் தாமாகச் சொன்னால் அது ஞானம். ‘நீ மட்டும் செய்ததல்ல’ என்று மேடையில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் அது பறிமுதல். அதேபோல, ‘என் முயற்சி போதவில்லை’ என்று தோற்றவர் சொல்லிக்கொள்ளலாம். ஊர் அதைச் சொல்லக் கூடாது. ஊர் சொல்ல வேண்டியது ஊழின் பக்கத்தைத்தான்.

சைவ சித்தாந்த மரபில் இதற்குப் பொருத்தமான ஒரு கதை. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் சிறுவராக இருந்தபோதே மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். அவர் குடும்பத்தின் குரு அருணந்தி சகலாகமங்களும் கற்ற பெரும்பண்டிதர். தன்னைப் பிள்ளை மதிக்கவில்லை என்ற கோபத்தில் வந்து நின்று, ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. வந்து நின்றவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். அருணந்தி அந்தச் சிறுவரின் மாணவரானார். ஆண்டு விழா மேடைகளில் பரிசு வாங்கும் பிள்ளைகளின் ஆணவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், பரிசு கொடுக்கிறவர்களின் வரிசையையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்க்கலாம்.

பள்ளிக்குக் கொடுப்பவர்கள் பெயர் நிலைப்பதும் படிப்பவர்கள் பெயர் மறைவதும் இந்தப் பகுதியின் பழைய வழக்கம். தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மனின் மகன் நிருபதுங்கன். அவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, புதுச்சேரியை ஒட்டிய பாகூரில் இருந்த ஒரு கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. தந்தையின் பெயரில் ஒரு போர், மகனின் பெயரில் ஒரு கல்விக் கொடை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி நடந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் எவ்வளவு நெல் அளப்பது என்றுகூடக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. இரண்டிலும் படித்தவர்கள் வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்த ஒரு பிரிவினர் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தக் கல்வெட்டு சோற்றையும் கணக்கிட்டது.

1950-களின் பிற்பகுதியில் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தபோதும் சோறுதான் முன்னால் வந்தது. காமராசர் ஆட்சியில் மதிய உணவு. அதே காலத்தில் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, சீருடை என்று மக்கள் வண்டி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்மைக் காலத்தில் அது கல்விச் சீராகத் திரும்பியிருக்கிறது. தாய்மாமன் வீட்டுச் சீரைப்போலத் தட்டுகளில் நோட்டுப் புத்தகமும், பின்னால் பீரோவும் தண்ணீர் டிரம்மும் மின்விசிறியும், முன்னால் மேளதாளமுமாக ஊர்வலம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. படிப்பு ஒரு வீட்டின் சொந்தக் காரியம் அல்ல, ஊருக்கும் அதில் உறவு உண்டு என்பதை இதைவிட அழகாக எந்தத் தத்துவ நூலும் சொல்லவில்லை. கொடுத்தவர் பெயரை மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் எழுதிவிடுகிறார்கள் என்பது சின்னக் குறை. சுற்றும்போது படிக்க முடியாது என்பதால் மன்னிக்கலாம்.

பலனை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், விடியலில் வேலைக்கு வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் ஆரணியில் நிலையம் வைத்துப் பணி செய்த காலத்திலிருந்து இந்த உவமை இங்கே பேசப்பட்டிருக்கும். பள்ளிக்கூடம் அந்தத் தோட்டமாக முடியாது. மதிப்பெண்ணில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். பிழையில்லாமல் கணக்குப் போட்டவளுக்கும் போடாதவளுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் போட்டவளை ஏமாற்றியதாகும். ஆனால் ஆண்டு விழா என்பது பரீட்சை அல்ல. பரீட்சையில் அளந்ததையே மறுபடி மேடையில் அளந்து காட்ட எந்த அவசியமும் இல்லை. தோட்டச் சொந்தக்காரனின் கணக்கை ஆண்டுக்கு ஒரு மாலை வேளையாவது பள்ளிக்கூடம் கடைப்பிடித்துப் பார்க்கலாம்.

தெள்ளார் ஒன்றியமானாலும் ஆரணி ஆனாலும், அடுத்த ஆண்டறிக்கையை எழுதப்போகும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் பெயரை உரக்கவே வாசியுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டைக் கொடுத்து அனுப்பிவிடாமல் மைக்கையும் ஒரு நிமிடம் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். யாரிடம் கற்றேன் என்று சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம், எழுதிக்கொடுத்துப் படிக்க வைக்காதீர்கள். அறிக்கையில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு முன்னால் சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினர், கழிப்பறை கழுவும் பணியாளர் ஆகியோரின் பெயர்களைச் சேருங்கள். போன ஆண்டு இடையில் நின்று வேலைக்குப் போய்த் திரும்பி வந்த மாணவனையும், துணைத் தேர்வில் தேறிய மாணவியையும் அவர்களுக்குச் சம்மதம் என்றால் அதே மேடைக்கு அழையுங்கள். பொன்னாடைக்குச் செலவாகும் அரை மணி நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடும். இதற்குத் தனி நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே பேசி முடிவெடுத்துவிடலாம்.